பையனின் கதையைப் பையனிடமே விடச் சொல்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி விட்டு விட்டு வருகிறது. ஆனாலும் காசிமேட்டுக்குத் தானே போய் மீன் வாங்கினால்தான் அவளுக்குத் திருப்தி, யார் சொன்னாலும் கேட்பதில்லை. இந்த முறை நீ வந்தால் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டாம், மெட்ரோ பிடித்து நேராக வண்ணாரப்பேட்டை வந்துவிடலாம். நாம் படம் பார்த்த அகஸ்தியாதான் இல்லை. 1967ல் திறந்த தியேட்டர், 2020ல் மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உன் ஞாபகம்தான் வருகிறது.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். முதல் படத்துக்குக் கதை தேடுகிறான், இளையோர் நாவல் ஏதாவது எடுக்கலாமா என்று யோசிக்கிறான், நீதான் அந்தப் புத்தகங்களை விடாமல் படிக்கிறவள், சொல்லேன் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். டியூஷனுக்கு வரும் பெண்கள் படிக்கிறார்களே என்று தொடங்கினேன், இப்போது அவர்களைவிட எனக்குத்தான் ஆர்வம் அதிகம். அவன் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. தாராளமாக எடுக்கட்டும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவன் உறுதியாக இருக்க வேண்டும். 15 வயதுப் பையனின் கதையை எடுத்தால் கடைசி வரை அது அவன் கதையாகவே இருக்க வேண்டும். பாதியில் அதைப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிடக் கூடாது.

பூமணியின் ‘வெக்கை’யை நீயும் படித்திருக்கிறாய். 1982ல் வந்த நாவல். அட்டையில் இளையோர் நாவல் என்று போட்டிருக்காது. ஆனால் அதன் நாயகன் சிதம்பரத்துக்கு 15 வயது. அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் நினைக்கிறான், ஆளே செத்துப் போகிறான். அப்புறம் அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறான். நாவல் முழுக்க நாம் அந்தப் பையனோடுதான் இருக்கிறோம். பசி, தூக்கம், அம்மா நினைப்பு, தான் செய்தது சரியா என்று கேட்கக்கூடத் தெரியாத வயது, எல்லாமே அவன் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கொலை செய்த கையோடு அவன் இன்னும் சிறுவனாகவே இருப்பதுதான் என்னை உலுக்கியது.

அதைத்தான் வெற்றிமாறன் 2019ல் ‘அசுரன்’ என்று எடுத்தார். நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனுஷுக்கு தேசிய விருது கிடைத்தது நியாயம்தான். சிதம்பரமாக வந்த கென் கருணாஸும் நன்றாகவே செய்திருந்தான். ஆனால் படம் அப்பாவின் படமாக மாறிவிட்டது. அவருடைய இளமைக்காலம், அவர் இழந்தது, அவர் பொறுமை, கடைசியில் அவர் எழுந்து அடிப்பது. பையன் அப்பாவைப் புரிந்துகொள்ளும் ஆளாகப் பின்னால் போய்விட்டான். பெரிய நடிகர் இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று உன் பையன் சொல்வான். இருக்கலாம். ஆனால் ‘வெக்கை’யிலிருந்து இன்னொரு படம் எடுக்க இன்னும் இடம் இருக்கிறது. அது முழுக்க அந்த 15 வயதின் படம்.

இது முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் எஸ். இ. ஹின்டன் என்ற பெண் 15 வயதில் எழுத ஆரம்பித்து 1967ல் வெளியிட்ட ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைத் தேடிப் படிக்கச் சொல். அங்கேயும் ஒரு கொலை, அங்கேயும் ஒளிவு. ஊரின் ஏழைப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் பணக்காரப் பையன்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒருவன் கத்தியை எடுத்துவிடுகிறான். பாழடைந்த சர்ச் ஒன்றில் ஒளிந்துகொண்டு இரண்டு பேரும் கதைப் புத்தகம் படிக்கிறார்கள். ஊரே ரவுடி என்று பெயர் வைத்த பையன் சினிமா பார்த்துவிட்டுத் தனியாக நடந்து வருவதில்தான் நாவல் தொடங்குகிறது. எனக்கு அது நம் தெருப் பையன்களை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

அதை 1983ல் படமாக எடுத்தவர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. அவரைத் தூண்டியது எந்தத் தயாரிப்பாளரும் இல்லை. கலிபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் அங்கே படித்த பிள்ளைகளும் சேர்ந்து, இந்தப் புத்தகத்தை நீங்கள்தான் படமாக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு அவருக்குக் கடிதம் அனுப்பினார்கள். இதைச் சொன்னதும் என் டியூஷன் பெண்களுக்குக் கண் விரிந்துவிட்டது. நாமும் யாருக்காவது எழுதலாமா மிஸ் என்று கேட்டார்கள். எழுதலாமே! அந்தப் படத்தில் பையன்களை யாரும் ஓரம்கட்டவில்லை. முதலில் சுருக்கி வெளியிட்ட படத்தில் வெட்டியிருந்த காட்சிகளைச் சேர்த்து, நாவலுக்கு இன்னும் நெருக்கமாக 2005ல் மறுபடி வெளியிட்டார்.

வயதைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ‘பெர்சி ஜாக்சன்’ போதும். கிரேக்கக் கடவுளின் மகன் ஒருவனைப் பற்றிய நாவல் வரிசை அது. முதல் நாவலில் பையனுக்கு 12 வயது. அவன் 16ஐத் தொடும்போது என்ன நடக்கும் என்று முன்பே சொன்ன குறியை வைத்துத்தான் 5 புத்தகங்களும் நகர்கின்றன. 2010ல் வந்த படத்தில் தொடக்கத்திலேயே அவனைப் பெரிய பையனாக்கிவிட்டார்கள். அப்புறம் அந்தக் குறிக்கு என்ன வேலை? 2013ல் இரண்டாவது படத்தோடு நின்றுவிட்டது. பத்து வருஷம் கழித்துத் தொடராக எடுத்தபோதுதான் மறுபடி சின்னப் பையனையே கொண்டுவந்தார்கள்.

‘ஹங்கர் கேம்ஸ்’ பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். 2008ல் நாவல், 2012ல் படம். பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல விட்டு, அதை ஊருக்கே டிவியில் காட்டும் ஒரு போட்டியின் கதை. நாவல் முழுக்க காட்னிஸ் என்ற 16 வயதுப் பெண் தன் வாயால் சொல்வது. அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது. படத்தில் அவள் மனசுக்குள் பேசுவதை விட்டுவிட்டு, போட்டியை நடத்துகிறவர்களின் கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள். அது புத்திசாலித்தனம் என்றே சொல்வேன். பிள்ளைகள் சாவதைப் பெரியவர்கள் திரையில் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தும் கொடுமை நாவலைவிடப் படத்தில் நேரடியாகத் தைக்கிறது. ஆனால் ரூ என்ற சின்னப் பெண் செத்துப்போகும் இடம் இருக்கிறதே, அங்கே நாவல்தான் உயரம். காட்னிஸ் அவளைப் பூக்களால் மூடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து ரூவின் ஊரிலிருந்து காட்னிஸுக்கு ஒரு ரொட்டி வருகிறது. சாப்பாட்டுக்கே வழியில்லாத ஜனங்கள் காசு சேர்த்து, தங்கள் ஊர்ப் பெண்ணே இல்லாத ஒருத்திக்கு அனுப்பியது. படத்தில் அந்த ரொட்டி இல்லை. அதற்குப் பதில் அந்த ஊரில் கலவரம் வெடிப்பதைக் காட்டினார்கள்.

டியூஷன் பெண்கள் புத்தகத்தையும் படித்து, படத்தையும் என் வீட்டில் பார்த்தார்கள். ரொட்டி ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டவள் மீன் கூடை சுமக்கும் அம்மாவின் மகள். கலவரத்தை எல்லாப் படத்திலும் பார்க்கலாம் மிஸ், அந்த ரொட்டியை வேற எங்கே பார்ப்போம் என்றாள். உன் பையனிடம் இதை அப்படியே சொல். நாவலைப் படமாக்கும்போது எதைப் பெரிதாக்குகிறோம், எதற்காக எதை விடுகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, ஒரே கதையை இழுத்து இரண்டு படமாக வெட்டும் பழக்கத்தை ஹாலிவுட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘டைவர்ஜென்ட்’ வரிசையில் கடைசிப் புத்தகத்தை அப்படிப் பிரித்து 2016ல் முதல் பாதி வந்தது, ஓடவில்லை. அடுத்த பாதி வரவே இல்லை. கதை அந்தரத்தில் நின்றது.

தமிழில் எதை எடுக்கலாம் என்றுதானே கேட்கிறான்? என் மனசில் முதலில் நிற்பது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964ல் வந்தது. லிஸி என்ற பெண் வளர்ந்துவிட்டாள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். வெளியே பனைமரங்கள், பனையேறியின் மகன் தங்கராஜ். உள்ளே தாத்தா, பழைய குடும்பப் பெருமை, குறைந்துகொண்டே போகும் சொத்து. பாதிக் கதை ஒரு வீட்டுக்குள் நடப்பதால் செலவும் குறைவு. அந்தப் பெண் வீட்டுக்குள்ளிருந்து உலகத்தைப் பார்ப்பதைக் கேமரா அழகாகச் சொல்லும். ஆனால் இரண்டு பாட்டு வைத்துக் காதல் படமாக்கிவிட்டால் நான் அவனோடு பேச மாட்டேன்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ம் எனக்கு உயிர். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த செகந்திராபாத் பையனின் வாழ்க்கைக்குள், நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த 1948 வந்து விழுகிறது. ஆனால் அந்தக் காலத்து ஊரை உருவாக்கவே பெரிய பணம் வேண்டும், முதல் படத்துக்கு ஆகாது. பத்து வருஷம் கழித்து எடுக்கட்டும்.

நட்சத்திரம் இல்லாமல் யார் பணம் போடுவார்கள் என்ற கவலை இருக்குமே. 2014ல் ‘கோலி சோடா’ கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பையன்களை வைத்தே ஓடியது. அடுத்த வருஷம் ‘காக்கா முட்டை’ பீட்சா சாப்பிட ஆசைப்பட்ட இரண்டு பையன்களை வைத்து ஓடியது. இரண்டுக்கும் பின்னால் நாவல் இல்லை, நேராகத் திரைக்கு எழுதியவை. நம் ஜனங்கள் பிள்ளைகள் படத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

எழுதப்படாத நாவல்களும் இருக்கின்றன, அதுவும் நம் பக்கத்திலேயே. வடசென்னை என்றால் கத்தி, கேங்க், பழிக்குப் பழி என்று எத்தனை படம் வந்துவிட்டது. ஆனால் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா என்ற பெண் 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கி வந்தாள். அவள் வெற்றி அவளுடையது. எனக்குப் படிக்க ஆசையாக இருப்பது, அப்படி ஒரு போர்டுக்கு முன்னால் முதன்முதலாக உட்காரும் வேறொரு 13 வயதுப் பெண்ணைப் பற்றிய நாவல். பையன்கள் நிறைந்த கிளப்புக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நிற்கும். வீட்டில் தேர்வு மார்க்கைக் கேட்பார்கள். தெருவில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசுவார்கள்.

அப்புறம் எண்ணூர். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அமோனியா வாடை அடித்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அழிந்த எதிர்காலத்தில் பிள்ளைகள் மூச்சுக்குப் போராடும் நாவல்களை வெளிநாட்டில் கற்பனை செய்து எழுதுகிறார்கள். இங்கே அந்த ராத்திரியில் தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஒரு அக்கா நிச்சயம் இருந்திருப்பாள். அவளுக்கு ஒரு நாவல் வேண்டும். யாராவது எழுதினால் உன் பையன்தான் முதலில் படமாக்க வேண்டும். இல்லை, அவனே எண்ணூருக்குப் போய் சில மாதம் அந்தப் பிள்ளைகளோடு பேசிப் பழகி எழுதட்டும். பெரியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் அது செய்திப்படமாகத்தான் ஆகும்.

கடைசியாக, இது அவன் கட்டாயம் கேட்க வேண்டியது. ‘புத்தம் வீடு’ என்று முடிவு செய்தால், திரைக்கதையில் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் உரிமை வாங்க வேண்டும். ஹெப்சிபா ஜேசுதாசன் 2012ல் காலமானார். நம் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை வாரிசுகளுக்கு உண்டு. பதிப்பகத்தில் கேட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்கட்டும். எழுத்தாளர் பெயரை டைட்டிலில் முதலிலேயே போடுவதாகவும் அதில் எழுதச் சொல். புத்தகம் அவனிடம் இல்லையென்றால் என் பிரதியை கூரியரில் அனுப்புகிறேன், ஓரத்தில் என் பென்சில் குறிப்புகளும் இருக்கும். படித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுப் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் இல்லை, காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் எடுப்பேன்.

அத்தானையும் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல். உடனே பதில் எழுது.

அன்புடன்,
உன் வண்ணாரப்பேட்டைக்காரி