இட்லியை நிறுத்தச் சொல்வதற்கு முன்

ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் வண்டியூர் கண்மாய்க் கரையிலும் காலை நடை போகும் குழுக்களுக்கு,

வணக்கம். "சோத்தை விடுங்க, சுகர் தானா இறங்கிரும்" என்கிற யோசனை நடையோடு நடையாகக் கைமாறுகிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும், உண்மைதான். ஆனால் கேட்பவர் இன்சுலின் போடுகிறவரா என்று முதலில் விசாரியுங்கள். ஊசி பழைய அளவிலேயே இருந்தால், இறங்கும் சர்க்கரை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

பலர் போடுவது 30/70 கலவை இன்சுலின்: வேகமாக வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு. அதில் 30 பங்கு அரை மணியில் வேலையைத் தொடங்கும். 70 பங்கு நாலு மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும். காலை 7 மணி ஊசி மதியச் சோற்றுக்கும் சேர்த்தே கணக்குப் போட்டது. நாலு இட்லியில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து. இரண்டு அவித்த முட்டையில் அது இல்லையென்றே சொல்லலாம். இட்லியை முட்டையாக மாற்றினால் 9, 10 மணிக்கே சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிக் கை நடுங்கலாம். மதியச் சோற்றையும் விட்டால் பிற்பகலில் இன்னொரு முறை. (சோற்றுக்குப் பதில் அதே தட்டளவு வரகோ தினையோ என்றால் மாவுச்சத்து பெரிதாகக் குறையாது. அது வேறு ஏமாற்றம்.)

ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடக்க வருவதும் வேண்டாம். தொடையில் குத்திவிட்டு நடந்தால் மருந்து இன்னும் வேகமாக இரத்தத்தில் ஏறும். முதலில் நடை, அப்புறம் ஊசி, அரை மணி கழித்துச் சாப்பாடு.

உணவை மாற்ற விரும்புகிறவர் மூன்று நாள் பழைய சாப்பாட்டிலேயே இருந்து, காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும்போதும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதட்டும். அந்த நோட்டோடு டாக்டரிடம் போய், எந்த வேளையில் எதைக் குறைக்கப் போகிறார் என்று சொல்லட்டும். சோற்றை அடியோடு விடுவதென்றால் முதல் நாளே ஊசி அளவை டாக்டர் குறைத்துத் தர வேண்டும். சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடிய கிளிமிபிரைடு மாத்திரையின் அளவையும் பார்ப்பார். டாபாகிளிஃப்ளோசின் (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை) எடுப்பவருக்கு மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டுவது ஆபத்து, சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் சேரலாம்: வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டர் 200-க்குக் கீழே காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோய் உள்ளவர் எந்த உணவுமுறையிலும் இன்சுலினை நிறுத்தவே கூடாது.

ஊசி மருந்து மாறினால் சிரிஞ்சையும் பாருங்கள். சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல்: இவற்றில் எது வந்தாலும் நடையை நிறுத்தி உட்கார வையுங்கள். மீட்டரில் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டரே கையில் இல்லாவிட்டால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. கடலை மிட்டாய் இதற்கு ஆகாது. கடலையின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

குழுவில் யாராவது ஒருவர் சட்டைப்பையில் தினமும் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும்.

இப்படிக்கு,
மதுரையில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போடக் கற்றுத்தரும் செவிலியர்கள் சிலர்