பத்தியை மறைத்துவிட்டுப் பாருங்கள்: ஆங்கில வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகளுக்கு ஆங்கில வினாத்தாள் அமைக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். நுழைவுத் தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்கள் பழைய வினாத்தாள்கள்தான் எனக்குப் பாடப்புத்தகம். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எந்த இடத்தில் எந்தக் கண்ணி வைப்பீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். என்னிடம் படிக்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

ஒருநாள் மாணவி ஒருத்தி, ஒரு பத்தியைப் படித்து விடையளிக்கும் காம்ப்ரிஹென்ஷன் பகுதியை மற்றவர்களுக்கு வெகு முன்னதாகவே முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எப்படி என்று கேட்டேன். பத்தியை அவள் படிக்கவே இல்லையாம். கேள்விகளை மட்டும் படித்தாளாம். 'எப்போதும்', 'ஒருபோதும்', 'மட்டுமே' என்று அடித்துப் பேசுகிற ஆப்ஷன்களை முதலில் கழித்தாள். மிச்சமிருந்தவற்றில் நீளமானது எதுவோ, 'இருக்கக்கூடும்' என்று பட்டும் படாமலும் பேசுவது எதுவோ, அதற்குக் குறியிட்டாள். பொருத்தமான தலைப்பு எது என்ற கேள்விக்கு, மற்றக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்த சொல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அதை எடுத்தாள். திருத்திப் பார்த்தேன், பாதிக்கு மேல் சரி. திட்டுவதா பாராட்டுவதா என்று எனக்குப் புரியவில்லை. அவள் வாசிக்காமல் விடையளிக்கவில்லை. பத்திக்குப் பதிலாக உங்களை வாசித்திருந்தாள்.

இது அவள் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. 1990இல் ஸ்டூவர்ட் கட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வின் கேள்விகளைப் பத்தி இல்லாமலே மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். குருட்டாம்போக்கில் குறியிட்டால் கிடைப்பதைவிடத் தெளிவாகவே அதிகமான மதிப்பெண் வந்தது. அப்படியென்றால் அந்தக் கேள்விகள் அளந்தது என்ன? பொது அறிவையும் தேர்வெழுதும் சாமர்த்தியத்தையும் அளந்திருக்கலாம். வாசிப்பை மட்டும் அளந்தன என்று சொல்ல முடியாது. இதற்குப் பெரிய ஆராய்ச்சியோ செலவோ தேவையில்லை. வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன் பத்தியை மறைத்துவிட்டு, கேள்விகளை மட்டும் நாலைந்து பேரிடம் கொடுங்கள். எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுகிற கேள்வியைத் தூக்கிவிடுங்கள். நான் உங்களிடம் முதலில் கேட்பது இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர், பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கக்கூடிய, ஆனால் அந்த ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் அதை நன்றாக நினைவில் வைத்துச் சொன்னார்கள். ஆக, பத்தியை நீங்கள் தேர்ந்தெடுக்கும்போதே மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறீர்கள். பங்குச்சந்தையைப் பற்றிய பத்தி வந்தால் வணிகம் படித்தவருக்கு வாசல் திறந்திருக்கும். மரபணு பற்றி வந்தால் உயிரியல் படித்தவருக்கு. எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அப்படிக் கொடுத்தால் பத்தியே தேவைப்படாது. யாருக்குமே அதிகம் தெரியாத ஒன்றாக இருக்கட்டும். அதைப் புரிந்துகொள்ளத் தேவையானது முழுக்க அந்தப் பத்திக்குள்ளேயே இருக்கட்டும்.

இனி இலக்கணம். எரர் ஸ்பாட்டிங் என்றாலே என் வகுப்பில் ஒரு பெருமூச்சு எழும். ஒரு வாக்கியத்தை நான்காக வெட்டி, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பீர்கள். அந்த வாக்கியத்துக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. யார் யாரிடம் எதற்காகச் சொன்னது என்றும் தெரியாது. இந்த வகைக் கேள்வி அமைப்பவரையே எப்படிக் காலை வாரிவிடும் என்பதற்கு ஊரறிந்த கதை ஒன்று இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் நடந்த பிஎஸ்ஏடி தேர்வில் (எஸ்ஏடிக்கு முன்னோட்டமாக எழுதுவது), நாவலாசிரியர் டோனி மாரிசனின் மேதைமை அவரை எப்படிப்பட்ட நாவல்களைப் படைக்க வைக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள். இதில் பிழையே இல்லை என்பதுதான் அவர்கள் வைத்திருந்த விடை. ஓர் ஆசிரியர் விடவில்லை. 'அவரை' என்ற பொருளில் அதில் வரும் 'ஹெர்' யாரைக் குறிக்கிறது? வாக்கியத்தில் இருப்பது 'டோனி மாரிசன்ஸ்' என்ற உடைமை வடிவம்தானே, அதைப் பிரதிப்பெயர் சுட்டக்கூடாது என்று சில இலக்கண நூல்கள் சொல்கின்றனவே என்று எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் 2003இல் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு மதிப்பெண்களைத் திரும்பக் கணக்கிட வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால் அந்த வாக்கியத்தில் ஒரு குற்றமும் இல்லை. படிக்கிற எவருக்கும் 'ஹெர்' யார் என்பதில் குழப்பம் வராது. ஆனால் ஆசிரியர்களே அடித்துக்கொள்கிற ஒரு விதியை வைத்துப் பதினேழு வயதுப் பிள்ளையின் இடத்தைத் தீர்மானிப்பது என்ன நியாயம்? 'எவ்ரிஒன்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'தெயர்' வருவதைப் பிழை என்று இன்றும் குறிக்கச் சொல்கிற வினாத்தாள்கள் இருக்கின்றன. ஒருமைக்கு 'தே' என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆய்வேடு எழுதுகிறவர்கள் பின்பற்றும் ஏபிஏ நடைக் கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய அதைப் பிழை என்று சொல்ல வேண்டும், நுழைந்தபின் அதையே எழுதலாம் என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்மாறாக, இலக்கணத்தை நீங்கள் மிகக் குறைவாகக் கேட்கிறீர்கள் என்பதுதான் என் குறை. பொருளை மாற்றுகிற இலக்கணத்தைச் சொல்கிறேன். ஒரு கமாவை எடுத்துக்கொள்வோம். 'தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ ஹேட் ஃபினிஷ்ட் லெஃப்ட் தி ரூம்' என்றால் முடித்தவர்கள் மட்டும் வெளியேறினார்கள், முடிக்காதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். 'ஸ்டூடண்ட்ஸ்' என்பதற்குப் பின்னும் 'ஃபினிஷ்ட்' என்பதற்குப் பின்னும் ஒரு கமாவைப் போட்டுவிட்டால் எல்லாருமே முடித்துவிட்டார்கள், எல்லாருமே வெளியேறிவிட்டார்கள். அறை காலி. தமிழில் 'எழுதி முடித்த மாணவர்கள் வெளியேறினார்கள்' என்று ஒரே பெயரெச்சத்தில் இரண்டையும் சொல்லிவிடுவோம். எது என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். தமிழில் சிந்திக்கிற பிள்ளை அந்தக் கமாவைக் காணாமலே தாண்டிப்போவது அதனால்தான். 'அறையில் இப்போது யாராவது இருக்கிறார்களா?' என்று கேளுங்கள். அது இலக்கணக் கேள்வியா, காம்ப்ரிஹென்ஷன் கேள்வியா? இரண்டும்தான்.

இப்படி நிறைய இருக்கின்றன. 'ஃபியூ', 'எ ஃபியூ' இரண்டையும் ஆர்ட்டிகிள் பாடத்தில் விதியாக மனப்பாடம் செய்கிறார்கள். 'சிலரே வந்தார்கள்', 'சிலர் வந்தார்கள்' என்று தமிழில் சொல்லிக் காட்டினால் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த 'எ' செய்கிற வேலையைத் தமிழில் ஏகாரம் இல்லாமை செய்கிறது, அவ்வளவுதான். முதலாவதில் எழுதியவரின் ஏமாற்றம் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. ஆசிரியரின் மனநிலை என்ன என்று நீங்கள் பத்தியின் கடைசியில் கேட்கிறீர்களே, அதற்கான சாட்சி இந்த ஓரெழுத்தில் இருக்கிறது. 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது; 'டோன்ட் ஹேவ் டு' என்றால் வேண்டியதில்லை. ஒரு விதிமுறை அறிவிப்பைக் கொடுத்து, யார் எதைச் செய்யலாம் என்று கேட்டால், இந்த வேறுபாடு தெரியாதவர் தானாக மாட்டிக்கொள்வார். 'திஸ்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், அது முந்தைய சொல்லைச் சுட்டுகிறதா, முந்தைய வாக்கியம் முழுவதையுமா என்று கேட்கலாம்.

எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு கூட அப்படித்தான். தமிழ்ப் பிள்ளைக்கு அது புதிய சங்கதி இல்லை. 'அவர்கள் வந்தான்' என்றால் சிறு குழந்தைக்கே காதில் உறுத்தும். ஆங்கிலத்தில் அவர்கள் தடுமாறுவது எழுவாயைத் தேடுகிற இடத்தில்தான். நடுவில் இரண்டு ப்ரெபொசிஷன், ஒரு 'விச்' என்று போட்டு எழுவாயை வினையிலிருந்து பிரித்து வைத்திருக்கும் நீண்ட வாக்கியத்தில், எந்த வினை எந்தப் பெயரைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதே பாதி வாசிப்பு.

ஜப்பானில் இதை ஒரு வழியில் செய்து பார்த்திருக்கிறார்கள். பழைய சென்டர் தேர்வுக்குப் பதிலாக 2021இல் வந்த பொது நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில், உச்சரிப்பையும் இலக்கணத்தையும் தனியே பிரித்துக் கேட்கும் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். வாசிப்புக்கு 100 மதிப்பெண், கேட்டுப் புரிந்துகொள்வதற்கு 100. இலக்கணம் எங்கும் போய்விடவில்லை, பத்திக்குள் இறங்கிவிட்டது. அதைத் தெரியாமல் பத்தியைக் கடக்க முடியாது.

கோடிட்ட இடத்தை நிரப்பும் க்ளோஸ் டெஸ்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் 1953இல் அந்த முறையை முன்வைத்தபோது அவர் அளக்க நினைத்தது மாணவரை அல்ல, உரையை. ஓர் உரை வாசிக்க எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று பார்க்கத்தான் சீரான இடைவெளியில் சொற்களை எடுத்தார். நீங்கள் எடுக்கிற சொல், பக்கத்துச் சொல்லைப் பார்த்தே நிரப்பக்கூடியதாக இருக்கிறது. 'டிபெண்ட்' வந்தால் 'ஆன்' என்று என் பிள்ளைகள் தூக்கத்தில் கூடச் சொல்வார்கள். இரண்டு வாக்கியங்களுக்கு அப்பால் இருக்கும் 'ஆல்தோ'வைப் பார்த்தால்தான் நிரப்ப முடியும் என்கிற மாதிரி ஓர் இடத்தைக் காலியாக விட்டுப் பாருங்கள்.

பத்தியின் நீளம் பற்றி உங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும். எஸ்ஏடி 2023இல் மற்ற நாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறியபோது, பத்திகள் 25 முதல் 150 சொற்களுக்குச் சுருங்கின. ஒரு பத்திக்கு ஒரே ஒரு கேள்வி. அதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஒரு பத்தி புரியாமல் போனால் ஐந்தாறு கேள்விகள் ஒரேயடியாகக் கவிழ்வதில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வாரமே இருபது பக்கக் கட்டுரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதல் பக்கத்தில் ஒருவர் ஏற்றுக்கொள்வதுபோலச் சொன்ன கருத்தை நான்காம் பக்கத்தில் மறுக்கிறார் என்பதைப் பிடிக்கத் தெரியாதவர் அங்கே தவிப்பார். சின்னஞ்சிறு பத்திகள் இருக்கட்டும். கூடவே எழுநூறு, எண்ணூறு சொற்களில் ஒரே ஒரு நீண்ட பத்தியாவது இருக்கட்டும், அதை நிதானமாகப் படிக்க நேரமும் இருக்கட்டும். நேரத்தைக் கொடுக்காமல் நீளத்தை மட்டும் கொடுத்தால் மறுபடி என் மாணவி பத்தியைத் தாண்டிக் கேள்விக்குத்தான் போவாள்.

'எக்செப்ட்', 'நாட்' என்று முடிகிற கேள்விகளில் ஆப்ஷனுக்குள்ளும் ஓர் எதிர்மறையை வைக்காதீர்கள். அது ஆங்கிலத்தைச் சோதிப்பதில்லை, பதற்றத்தைத்தான் சோதிக்கிறது.

கடைசியாக ஒன்று, என் சுயநலத்துக்காக. தேர்வு முடிந்ததும் விடைக்குறிப்பு என்று நீங்கள் வெளியிடுவது ஓர் எண் வரிசை: ஒன்றுக்கு பி, இரண்டுக்கு டி. ஏன் பி என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். சில சமயம் நானும் ஊகித்துத்தான் சொல்கிறேன், அதை அவர்கள் கண்டுபிடித்தும் விடுகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி எழுதி வெளியிடுங்கள்: சரியான விடைக்குச் சாட்சி பத்தியின் எந்த வரியில் இருக்கிறது, மற்ற மூன்றும் எங்கே தவறுகின்றன. அப்படி இரண்டு வரி எழுத உட்கார்ந்தால், எழுத வராத கேள்விகள் சில உங்களுக்கே அகப்படும். அவற்றை அடுத்த ஆண்டுத் தாளில் பார்க்க நேராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வினாத்தாள்களை வைத்துப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்