டாசன் சிட்டியின் இருகரை மக்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள டாசன் சிட்டி மக்களுக்கு,

வணக்கம். நாளை மறுநாள் கிளம்புகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய நன்றிக் கடிதத்தை நான் சமைக்கும் உணவகத்தின் வாசலில் ஒட்டிவிட்டேன். அப்படியும் மனம் ஆறவில்லை. என் மொழியில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எங்கள் மக்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கனடாவின் வடமேற்கில், யூகான் ஆறும் க்ளோண்டைக் ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இந்த ஊர். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்தது. இரண்டே ஆண்டில் முப்பதாயிரம் பேர் வரை குவிந்தார்கள். இன்று ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர். யூகானின் குறுக்கே இங்கே பாலம் கிடையாது. கோடையில் இலவசப் படகு உண்டு. பனிப்பாளங்கள் மிதந்து வரத் தொடங்கியதும் படகைக் கரையேற்றிவிடுவார்கள். ஆறு கெட்டியாக உறையும்வரை பல வாரம் அக்கரை அக்கரைதான். மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் இல்லாத அந்த மேற்குக் கரையில், வாடகை குறைவு என்பதற்காக ஒரு மரக்குடில் பிடித்தேன். சேர்த்து வைத்த விறகு ஒரு மாதத்துக்குக்கூடப் போதாது என்று எனக்கே தெரியவில்லை.

அதை முதலில் கண்டவர்கள் சுரங்கக்காரர்கள். ஓடைத் தண்ணீர் உறைந்துவிட்டால் மண்ணை அலசித் தங்கம் எடுக்க முடியாது; இலையுதிர்காலத்திலேயே முகாமைக் கலைத்துவிடுவார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில், கடைசிப் படகுகளில் ஒன்றில் லாரியோடு ஏறி வந்து, பிளந்த ஊசியிலைமர விறகையும் அரை மூட்டை வெங்காயத்தையும் என் வாசலில் இறக்கிவிட்டுப் போன அண்ணன் தம்பி இருவருக்கும் நன்றி. காசு நீட்டியபோது கையை உதறிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நவம்பரில் கோடரி வழுக்கி என் இடது பாதத்தில் இறங்கியது. நாய்கள் வளர்க்கும் பக்கத்துக் குடில் அம்மா, என் அலறலுக்கு ஓடி வந்தீர்கள். துண்டைக் கிழித்து இறுகக் கட்டி, என்னைச் சறுக்குவண்டியில் கிடத்தி, ஹெலிகாப்டர் இறங்கும் வெட்டவெளிவரை நாய்களை ஓட்டினீர்கள். பறந்தது சில நிமிடம்தான். ஊர்ப்பக்கக் கரையில் பதினொரு தையல். தையல் போட்ட செவிலியர், நான் மயங்காமலிருக்க எங்கள் ஊர்ச் சமையலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் நன்றி.

ஆறு உறையாததால் குடிலுக்குத் திரும்ப வழியில்லை. முன்பின் பழக்கமில்லாத ஒரு குடும்பம் ஐந்து வாரம் என்னை வீட்டில் வைத்திருந்தது. மலைகள் மறைப்பதால் டிசம்பரில் ஊருக்குள் வெயில் எட்டாது. அந்த இருட்டில் அவர்கள் வீட்டுப் பாட்டி தினமும் என் காயத்தின் கட்டை மாற்றிவிட்டு, தன் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என்ற பூர்வகுடி மக்களின் கதைகளைச் சொன்னார். தங்கம் தேடி வந்தவர்கள் நெருக்கியபோது, தலைவர் ஐசக் தம் மக்களின் பாட்டுகளை அலாஸ்காவிலிருந்த உறவினரிடம் காப்பாற்றக் கொடுத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின் அவை திரும்பி வந்தன. இந்த மண்ணுக்கு உரியவர்கள் அவர்கள். அதை எனக்குப் பொறுமையாகப் புரியவைத்த பாட்டிக்கு என் வணக்கம்.

2017 குளிர்காலத்தில் நடு ஆறு உறையவே இல்லை. அரசு தண்ணீரைப் பீய்ச்சிப் பனிப்பாலம் கட்டப் பார்த்தும் கைகூடவில்லை என்று சொல்வார்கள். நான் திரும்பியபோதும் பாதை நிச்சயமில்லை. படகுத்துறையில் வேலை பார்க்கும் பெரியவர் எனக்கு முன்னால் நடந்தார். சில அடிக்கு ஒருமுறை பனியில் துளையிட்டு, கத்தியால் கோடு கீறிய குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பார். பனியின் அடிப்பக்கம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் அடுத்த அடி. திரும்பிப் பார்க்காமல் ‘என் சுவட்டில் மட்டும் வா’ என்றார். ஐயா, அந்த நடையை என் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

குடிலுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஐந்து வாரமும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அதை அணையவிடவில்லை. என் கறிவேப்பிலைத் தொட்டி அடுப்புக்குப் பக்கத்தில், பழைய கம்பளிச் சட்டை சுற்றி இருந்தது. நான்கு இலை மிஞ்சியிருந்தது. அப்போதுதான் நான் அழுதேன்.

அந்தச் செடி இப்போது முழங்கால் உயரம். நாய்கள் வளர்க்கும் அம்மாவின் சன்னலில் வைத்துவிட்டேன். ஆற்றுப்பக்கச் சன்னலைத் திறந்து வைக்காதீர்கள் அம்மா, அதற்குக் காற்று ஆகாது. சறுக்குவண்டியின் கம்பளியில் என் ரத்தக்கறை போகவில்லை. புதியது வாங்கிக் கதவோரம் மாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சமையற்காரன்