நாலு ஜிபிக்காகப் போன ஜால்ரா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் கணினிப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. கணினியில் இடம் போதவில்லையென்றால் எம்பி3 பாட்டுகளை நொடிக்கு 96 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிவிடலாம் (எண் குறையக் குறைய கோப்பும் சிறிதாகும்), காதுக்கு வித்தியாசமே தெரியாது என்று. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் போன வருடம் அதே வேலையைச் செய்துவிட்டு இன்னும் கையைப் பிசைந்துகொண்டிருப்பவன் நான்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தைப்பூசம் வந்தால் தோளில் கேசட் ரெக்கார்டரோடு தண்ணீர்மலை அடிவாரத்தில் நிற்பார். காவடியோடு வரும் பஜனைக் கோஷ்டிகளைப் பதிவு செய்வது அவருக்கு நேர்த்திக்கடன் மாதிரி. அப்படிச் சேர்ந்தவை 40 கேசட். பினாங்கு ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும், 2009-இல் அக்கா மகன் அத்தனையையும் 320 கிலோபிட் எம்பி3 ஆக்கிக் கொடுத்தான். வீடு மாறும்போது கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டோம். முதல் தப்பு அது.

மொத்தம் 40 மணி நேரம், ஏறக்குறைய 5.8 ஜிபி. 96-க்கு மாற்றியதும் 1.7 ஆனது. மிச்சம் நாலு ஜிபி. பேத்தியின் பிறந்தநாளை அரை மணி நேரம் கைப்பேசியில் வீடியோ எடுத்தால் அந்த இடம் தீர்ந்துவிடும்! ஒன்றையும் போட்டுக் கேட்காமலே பழையதை அழித்தேன்.

அப்புறம்தான் கேட்டேன். குரல் பரவாயில்லை. ஜால்ராதான் போய்விட்டது. ‘ணிங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில், சூடான தவாவில் தண்ணீர் தெளித்தது போல ‘ஸ்ஸ்’ என்கிறது. மிருதங்கத்தில் விரல் விழுவதற்கு முன்னாலேயே ஒரு மங்கலான இரைச்சல் கிளம்புகிறது. காரணம் இதுதான். ஒரு பெரிய சத்தத்தின் நிழலில் நம் காதுக்குப் பிடிபடாத சின்னச் சத்தங்களை எம்பி3 கழித்துவிடும். ஏற்கெனவே கழித்ததை மறுபடி சுருக்கக் கொடுத்தால், முதல் தடவை உண்டான கறையையும் இசை என்றே எண்ணி அதற்கும் இடம் ஒதுக்கும். மிச்சமிருக்கும் நல்ல சத்தத்தில்தான் கைவைக்கும். பதறிப்போய்த் திரும்ப 320-க்கு மாற்றிப் பார்த்தேன். கோப்பு பருத்தது, ஜால்ரா வரவில்லை.

கைப்பேசியில் கேட்க ஒரு சின்ன நகல் வேண்டுமா, தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். சிடி இருந்தால் ஃப்ளாக் ஆக்கி வையுங்கள், அதில் ஒன்றும் கழியாது. இடம்தான் பிரச்சினை என்றால், இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிடும் காசுக்கு ஒரு பென்டிரைவ் வாங்கலாம். இதை அந்தப் பக்கத்திலேயே திருத்தமாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். 1986 தைப்பூசத்தில் தன்னைப் போலவே ரெக்கார்டரோடு இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றதாக அப்பா சொல்வார். யார் வீட்டிலாவது அந்தக் கேசட் இருந்தால், ஆசிரியர் வழியாகத் தெரியப்படுத்துங்கள். பிளேயரை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.

ஒரு வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு