மண் தொட்டியை இன்றைக்கே வை

அன்புள்ள குமார்,

நலம், நலமறிய ஆவல். மற்ற விசாரிப்புகளை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம். மாடிக் கம்பிவேலி விவகாரத்தை மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உடனே உட்காரவைத்தது. உன் பச்சோந்தி ராணி சரியாகச் சாப்பிடவில்லை, கிளையை விட்டிறங்கிக் கூண்டின் தரையில் அலைகிறாள், மூலையைச் சுரண்டுகிறாள், ஆனால் ஆண் கிடையாது என்பதால் முட்டையாக இருக்காது என்கிறாய். முட்டைதான் குமார். வேறெதுவும் இல்லை.

ராணியைப் போன்ற வெய்ல்டு (veiled) இனப் பச்சோந்திக்கு முட்டை வைக்க ஆண் துணை தேவையில்லை, கோழி மாதிரிதான். ஐந்தாறு மாத வயதிலேயே தொடங்கிவிடும், ராணிக்கு இப்போது ஒன்பது. கரு இல்லாத முட்டைதானே என்று விட்டுவிடவும் முடியாது. அதற்கும் ஓடு உண்டு, அந்த ஓட்டுக்கும் அவள் உடம்பிலிருந்துதான் கால்சியம் போகிறது, அதையும் மண்ணைத் தோண்டித்தான் வைப்பாள். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் அடக்கிக்கொள்வாள். நல்ல தீனியும் நல்ல விளக்கும் உள்ள வீடுகளிலும் பெண் பச்சோந்திகள் இப்படித்தான் சாகின்றன.

ஆகவே தொட்டியை இன்றைக்கே வை. நீள அகலம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, மண்ணின் ஆழமும் 30 செ.மீ. இருக்கட்டும். ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அடித்தட்டு சீக்கிரம் தட்டுப்பட்டால் இது இடமில்லை என்று ஏறி வந்துவிடுவாள். கழுவிய மணலும் உரம் கலக்காத தோட்டமண்ணும் பாதிக்குப் பாதி. ஈரம்தான் முக்கியம்: ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பிறகு விரலை முழுசாக உள்ளே விட்டு உருவிப் பார். துளை அப்படியே நின்றால் சரி. சரிந்தால் அவள் தோண்டும் சுரங்கமும் அவள்மேலேயே சரியும். இன்னும் கொஞ்சம் நனைத்து அழுத்து. அடியில் தண்ணீர் தேங்கவும் விடாதே. கிளையிலிருந்து தொட்டிக்குள் இறங்க ஒரு சாய்ந்த குச்சி போதும். இந்தத் தொட்டி இனிமேல் கூண்டை விட்டு வெளியே வரக் கூடாது. எப்போது தேவைப்படும் என்று நாம் கணிப்பதைவிட அது எப்போதும் அங்கேயே இருப்பது மேல்.

வைத்தாயிற்றா? இப்போது உனக்குக் கஷ்டமான வேலை: எட்டிப் பார்க்காமல் இருப்பது. உன்னை எனக்குத் தெரியும், கால் மணிக்கு ஒருதரம் போய் நிற்பாய். தனித்தனியாகச் சுழலும் அந்த இரண்டு கண்ணில் ஒன்று உன்மேல் பட்டாலே போதும், குழியைப் பாதியில் விட்டுவிடுவாள். இரண்டு மூன்று குழி அப்படி வீணானால் மறுபடி தோண்ட உடம்பில் தெம்பிருக்காது. கூண்டைச் சுற்றித் துணி போட்டுவிடு, மேலே விளக்கும் காற்றும் மறையாமல். ஓரத்தில் ஒரு சின்ன இடுக்கு வைத்துக்கொள், எட்ட நின்று பார். தலைகீழாக உள்ளே போய்த் தோண்டுவாள். பிறகு உள்ளேயே திரும்பி, தலை வெளியே தெரிய உட்கார்ந்து முட்டையிடுவாள். முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, காலால் அழுத்தி அழுத்தி இறுக்குவாள். அதைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். மொத்தமும் ஒரு நாளைத் தாண்டலாம். ராத்திரி குழிக்குள்ளேயே படுத்திருந்தாலும் தொடாதே, விளக்கை வழக்கமான நேரத்தில் அணைத்துவிடு.

இனி சொல்வதை இரண்டு தரம் படி. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது, கண் குழிவிழுவது, கிளையைப் பிடிக்கத் தெம்பில்லாமல் தரையிலேயே கிடப்பது, குழிமேல் குழி தோண்டியும் எதுவும் வராமல் முக்குவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோ, நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதே. எக்ஸ்ரே எடுத்தால் முட்டை தெரியும். கால்சியமும், முட்டையை வெளியே தள்ள வைக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனும் போட்டுப் பார்ப்பார்கள். பச்சோந்திகளிடம் அது பலிக்காமல் போவதும் உண்டு. அப்போது அறுவைசிகிச்சைதான். நாள் கடந்து போனால் அதைத் தாங்கும் நிலையில் அவள் இருக்க மாட்டாள்.

கால்சியத்தை நான் ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ஓடு கட்ட உடம்பு முதலில் ரத்தத்திலிருந்து எடுக்கிறது, பற்றாவிட்டால் எலும்பைக் கரைக்கிறது. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் முட்டைக்குழாயின் தசை சுருங்காது. முட்டை தங்கிப்போவதும் எலும்பு வளைவதும் பலநேரம் ஒரே காரணத்தால்தான். ஒவ்வொரு தீனியிலும் பூச்சியின்மேல் வைட்டமின் டி3 கலக்காத கால்சியப் பொடியை லேசாகத் தூவு. டி3 உள்ளது மாதம் இருமுறை, மல்டிவைட்டமின் இருமுறை. அதற்குமேல் போனால் டி3 உடம்பில் சேர்ந்து கெடுதல். உடம்பே டி3 செய்துகொள்ள உதவும் புற ஊதா (யுவிபி) விளக்கு, டி5 (T5) என்கிற நீளக்குழாய்தானா, அந்தச் சுருள் பல்பா? சுருள் என்றால் மாற்றிவிடு. அதன் கதிர் ஒரு சின்ன வட்டத்தைத் தாண்டாது.

அடுத்தது தீனி. தினமும் பதினைந்து கிரிக்கெட் பூச்சி போடுகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். வளரும் வயதில் சரி, இனிமேல் அது அவளுக்கு நீ செய்யும் நல்லது இல்லை. தீனியும் சூடும் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு முட்டை. ஒரே தடவையில் அறுபது எழுபது வரைகூடப் போகும், அதைத் திரும்பத் திரும்ப வைக்கிற பெண்ணுக்கு ஆயுசு குறைவு. முட்டை வைத்து முடித்ததும் வயிறு ஒட்டி, தோல் தொங்கிப்போய் இருப்பாள். முதலில் நிறையத் தண்ணீர், நீண்ட நேரம் தெளிப்பு. இரண்டு மூன்று நாள் வயிறார தீனி. அப்புறம் படிப்படியாகக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சி என்று நிறுத்து. வெயில் காயும் கிளையில் 27 டிகிரி செல்சியஸ் போதும். இப்படிப் பார்த்துக்கொண்டால் முட்டை இருபதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சில பெண்கள் வைப்பதையே விட்டுவிடுவதும் உண்டு. பசியோடு உன்னையே பார்ப்பாள், இளகிவிடாதே.

வாத்தியார் வளர்க்கும் ஆண் பச்சோந்தியோடு சேர்க்கலாமா என்று கேட்டாய். இப்போது வேண்டாம். ஒரு வயது முடியட்டும், உடம்பு தேறட்டும். பிறகும் அவள் நிறத்தைக் கேட்டுத்தான் முடிவு. வெளிர்நீலப் புள்ளி விழுந்து அமைதியாக நடந்தால் சம்மதம். உடம்பு கறுத்து, மஞ்சளும் நீலமுமாகத் திட்டு எழும்பி, வாயைப் பிளந்து சீறி, பக்கவாட்டில் ஆடினால் அந்த நிமிடமே பிரித்துவிடு. சேர்ந்தால் இருபது முப்பது நாளில் முட்டை. விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் உடம்பு அது, அடுத்த தடவை வைப்பதிலும் கரு உள்ள முட்டை வரலாம். அந்த முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, மேல்பக்கம் பென்சிலால் குறி போட்டு, எடைக்கு எடை தண்ணீர் கலந்த வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) பாதி புதைய வைத்து, 26 முதல் 28 டிகிரியில் ஆறிலிருந்து ஒன்பது மாதம் காக்க வேண்டும். அதற்கப்புறம் நாற்பது குஞ்சு, ஒவ்வொன்றுக்கும் பழ ஈ, கொஞ்சம் வளர்ந்ததும் தனித்தனிக் கூண்டு. இடமும் ஆளும் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாத்தியாரிடம் பேசு.

முட்டை வைத்தவுடன் மண்ணைக் கிளறி எத்தனை என்று எண்ணி, ராணியின் எடையையும் சேர்த்து எழுது. அதைப் பார்த்துத்தான் அடுத்த மாதத் தீனியை முடிவு செய்ய முடியும்.

அன்புடன்,
பாலு