நமக்கு ஏதும் லெட்டர் இருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக வலைதளங்களில் மக்கள் மூழ்கிக் கிடப்பதைக் கண்டித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். இதை வெறும் போதைப் பழக்கமாகவே கட்டுரையாளர் காண்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. தென்காசி வட்டாரத்தில் 34 ஆண்டுகள் தபால்காரராகப் பணியாற்றி 2016-ல் ஓய்வு பெற்றவன் நான். அந்த ஈர்ப்பை வேறொரு காலத்தில், வேறொரு வடிவத்தில் கண்டிருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நான் கடிதம் பட்டுவாடா செய்த தெருக்களில், வளைகுடா நாடுகளுக்கு ஆளை அனுப்பாத வீடுகள் குறைவு. சைக்கிள் மணி கேட்டதுமே, "நமக்கு ஏதும் லெட்டர் இருக்கா?" என்ற கேள்வி திண்ணையிலிருந்து வந்துவிடும். ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட உறையைப் பையிலிருந்து நான் எடுக்கும்போதே அந்த வீட்டின் முகங்கள் மாறும். கடிதம் எழுத யாருமே இல்லாத ஒரு மூதாட்டியும் நாள்தோறும் வாசலுக்கு வந்து நிற்பார். "இன்னைக்கு இல்ல ஆச்சி" என்று நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். எங்கோ ஒருவர் தம்மை நினைத்திருக்கக்கூடும் என்ற எண்ணமே அவரை வாசல்வரை நடக்க வைத்தது. இன்று முகநூலின் மணிக் குறியின் மேல் தோன்றும் சிவப்பு எண்ணை நாம் தொட்டுப் பார்ப்பதும் அதே கேள்வியைக் கேட்பதுதான்.

2007-ல் என் மகன் என்னை பிரவுசிங் சென்டருக்கு அழைத்துச் சென்று ஆர்க்குட்டைக் காட்டினான். கூகுள் நிறுவனம் 2004 ஜனவரியில் தொடங்கி, 2014 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்ட தளம் அது. ஒருவர் பக்கத்தில் மற்றவர் எழுதிப்போடும் 'ஸ்கிராப்' எனக்கு அஞ்சலட்டையையே நினைவூட்டியது. போகிற வருகிறவர்கள் எல்லாம் அதை வாசிக்கலாம். (அஞ்சலட்டைகளை நாங்கள் ஒருபோதும் வாசித்ததில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.) நம் பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்பதையும் அது காட்டும் என்று மகன் சொன்னபோது, அவன் வயதுப் பிள்ளைகள் ஏன் அங்கே வரிசையில் காத்திருந்தார்கள் என்பது புரிந்தது.

பள்ளியில் என்னுடன் படித்து, பின் மும்பைக்குப் பிழைக்கச் சென்ற நண்பரை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முகநூல் வழியாகவே கண்டுபிடித்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலிருந்த மகளுக்குத் தொலைபேசி கிடைக்காமல் தவித்தபோது, அவள் பாதுகாப்பாக இருப்பதாகக் குறித்த ஒற்றை வரியை மகன் அதில் பார்த்துச் சொன்னான். இவற்றை அனுபவித்தவனிடம், இந்த மோகத்தில் பொருளே இல்லை என்று சொன்னால் எப்படி நம்புவது?

ஆனால் தபால் நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. பையிலிருந்த கட்டு தீர்ந்ததும் நான் அலுவலகம் திரும்பிவிடுவேன். கேட்டவர்களும் அவரவர் வேலைக்குத் திரும்புவார்கள். முகநூல் 2006 செப்டம்பரில் 13 வயது நிறைந்த எல்லோருக்கும் திறக்கப்பட்டது. பதிவுகளை ஒரே ஓட்டமாகக் காட்டும் பகுதியும் அதே மாதத்தில் வந்தது. 2009 பிப்ரவரியில் 'லைக்' சேர்ந்தது. இப்போதோ நண்பர்கள் எழுதியது தீர்ந்த பிறகும், முன்பின் அறியாதவர்களின் காணொளிகளும் விளம்பரங்களும் கைவிரலின் கீழ் வந்துகொண்டே இருக்கின்றன. ஐம்பது காசு அஞ்சலட்டைக்கு எழுதியவர் கட்டணம் செலுத்தினார், கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. இந்த நிறுவனத்துக்கோ வருமானத்தின் மிகப் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவதால், நாம் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பதுதான் அதற்கு ஆதாயம். கட்டுரையாளர் கண்டிக்க வேண்டியது இதையே. வாசலுக்கு வருகிறவர்களை அல்ல.

நண்பர்கள், நாம் சேர்ந்த குழுக்கள், நாம் பின்தொடரும் பக்கங்கள் ஆகியவற்றின் பதிவுகளை வந்த வரிசையில் காட்டும் 'ஃபீட்ஸ்' என்ற பகுதி 2022-ல் முகநூலில் சேர்க்கப்பட்டது. ஆனால் செயலியைத் திறந்தவுடன் வருவது அதுவல்ல. தேடிப் போனால்தான் கிடைக்கும். அதையே முதலில் காட்ட வேண்டும், அறிவிப்புகளை நாளுக்கு ஒருமுறை ஒரே கட்டாகத் தர வேண்டும் என்று சிறுவர்களின் வலைதளப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசும் அரசுகள் கேட்கலாமே. நான் அறிவிப்புகளை அணைத்துவிட்டு, எங்கள் தெருவுக்குத் தபால் வரும் பதினொரு மணிக்கு மட்டுமே திறந்து பார்க்கிறேன். அறிவிப்புகளை அணைப்பது எப்படி என்பதுகூட என் வயதினர் பலருக்குத் தெரியாது. அதைப் படங்களுடன் தங்கள் நாளிதழ் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
தென்காசி.