அந்தப் பட்டியலை இனி என்னால் படிக்க முடியாது

கல்வி உதவித்தொகைக்குப் பொறுப்பு வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுயநிதி பாலிடெக்னிக் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக இயந்திரவியல் பாடம் நடத்துகிறவன் நான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கான உதவித்தொகை பற்றி எழுதுகிறேன். திட்டத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோப்புகள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. சென்ற செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் நடந்தது எந்தக் கோப்பிலும் இருக்காது என்பதால் அதைச் சொல்கிறேன்.

முதல் பீரியட் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அலுவலக உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். மேலே ‘கட்டணம் பாக்கி’ என்று அச்சிட்டிருந்தது. கீழே பதினொரு பெயர்கள். பெயர்களைப் படித்து, அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, மறுநாள் பெற்றோருடன் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று அறிவிப்பது வகுப்பு ஆசிரியரின் வேலை. நான் படித்தேன். நாற்பத்தாறு பேர் உள்ள வகுப்பில் பதினொரு பேர் எழுந்து நின்றார்கள். கையிலிருந்து கட்ட வேண்டியவர்கள் எல்லோரும் முன்பே கட்டிவிட்டதால், நின்ற பதினொரு பேருமே உதவித்தொகைக்காகக் காத்திருப்பவர்கள். அதாவது, பெயர்களைப் படித்ததன் மூலம் அந்தப் பதினொரு பேரின் சாதியை நான் வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிட்டேன்.

இரண்டரை ஆண்டுகளாக ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்ட பிள்ளைகள் அவர்கள். யார் எந்தத் தெரு என்று கேட்காமலே இருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு தாள் ஐந்து நிமிடத்தில் கலைத்துவிட்டது. நின்றவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்தில் குனிந்துகொண்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒன்பதாவது பெயருக்குரிய தம்பி லேத்தில் கைதேர்ந்தவன். அவன் கடைந்து கொடுக்கும் துண்டை மைக்ரோமீட்டரில் அளந்து பார்க்கும்போது, பயிற்சிப் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்த எங்கள் மூத்த பயிற்றுநரே தலையாட்டுவார். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது அம்மா எடுத்தார். “நெல் மண்டியில் மூட்டை தூக்கப் போயிருக்கிறான் ஐயா. கட்டணத்தைச் சேர்த்துக்கொண்டுதான் கல்லூரிக்கு வருவேன் என்கிறான்” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “உதவித்தொகை வந்துவிடும் என்றுதானே ஐயா சேர்த்தோம்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கையை இங்கேயே வைத்துவிடுகிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, தகுதி உறுதியான மாணவரிடம் எந்தக் கல்லூரியும் அந்தக் கட்டணத்தைக் கேட்கக் கூடாது. அதற்காக அவருடைய ஹால் டிக்கெட்டையோ சான்றிதழையோ தடுக்கக் கூடாது. இதை எழுத்தில் ஆணையாகப் பிறப்பியுங்கள். அந்த ஆணையை ஒவ்வொரு கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்யுங்கள்.

தாமதம் எங்கே தொடங்குகிறது என்பதையும் அறியாமல் எழுதவில்லை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தை மாற்றியமைத்தது. செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 விழுக்காடு மாநிலத்துடையது என்றானது. மாநிலம் தன் பங்கைக் கொடுத்த பிறகுதான் மத்தியப் பங்கு வரும். அதுவும் கல்லூரிக்கு வராமல் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகும்; கிடைத்த ஏழு நாளுக்குள் மாணவர் அதைக் கல்லூரியில் கட்டிவிட வேண்டும். பல மாநிலங்களில் போலி மாணவர்களின் பெயரில் கல்லூரிகளே பணம் சுருட்டிய வழக்குகள் வந்தன; அதைத் தடுக்கும் நோக்கம் இதில் இருக்கிறது, அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? பணம் வரும்வரை கல்லூரி மாணவனின் கழுத்தைப் பிடிக்கிறது. பணம் வந்துவிட்டால், வந்ததைச் சொல்லவில்லை என்று மறுபடியும் அவன் கழுத்தைத்தான் பிடிக்கிறது. இரண்டு அரசுகளுக்கும் ஒரு நிர்வாகத்துக்கும் நடுவே கடன்காரனாக நிற்பவன் பதினெட்டு வயதுப் பையன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவிக்குப் பணம் வந்துவிட்டதாக இணையதளம் காட்டியது. அவள் கொடுத்த வங்கிக் கணக்கிலோ ஒரு ரூபாய்கூட இல்லை. அவளுடைய ஆதார் எண் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் பணம் போயிருந்தது. ஊருக்கு வந்த முகாமில் யாரோ திறந்து கொடுத்த கணக்கு அது. பாஸ்புக்கைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. வங்கியில் கேட்டால் கல்லூரிக்குப் போ என்றார்கள், கல்லூரியில் கேட்டால் துறை அலுவலகத்துக்குப் போ என்றார்கள், அலுவலகத்தில் கேட்டால் வங்கிக்கே போ என்றார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அலைந்தாள். அலைந்த நாட்கள் எல்லாம் வருகைப் பதிவேட்டில் விடுப்பாக ஏறின. வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்த ஆயிரத்தில்தான் வரைபட அட்டையும் மதியச் சாப்பாடும் ஓடுகின்றன. அதைக் கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் கட்டணம் பாக்கி என்று வெளியே நிறுத்தப்பட்ட பையனுக்கு அந்த ஆயிரத்தால் என்ன பயன்?

உதவித்தொகைப் பிரிவில் ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் அப்பா அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்கிறார். சர்வர் வேலை செய்யவில்லை என்றால் மறுநாளும் நிற்கிறார். டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளுக்காக யார்தான் பேசுகிறார்கள்? பொறியியல் கலந்தாய்வு என்றால் தொலைக்காட்சி முழுக்க விவாதம். தொழிற்சாலையில் எந்திரத்தின் முன்னால் நிற்கப்போகிற இந்தப் பிள்ளைகளின் சேர்க்கை நாளிதழில் ஒரு பத்திக்கு மேல் பெறுவதில்லை. வேறு எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். பல வருடங்களாக நெஞ்சில் கிடந்தது.

நான் கேட்பது புதிதும் அல்ல. கட்டணம் கட்டாமலே சேர்ந்து படிக்க வழிசெய்யும் ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற ஏற்பாடு மத்திய வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இருந்தும், படிப்பை முடித்த என் பழைய மாணவன் ஒருவன் வேலைக்கான உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, டிப்ளமோ சான்றிதழை வாங்க முடியாமல் நான்கு மாதம் நடந்தான். அந்த நிறுவனம் நான்கு மாதம் காத்திருக்கவில்லை.

அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், தொடங்கிய திட்டம் இது. எண்பது ஆண்டுகள் கழித்தும் அதன் பயனாளியை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறோம்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். உங்கள் பணம் தாமதமானால், கல்லூரி உங்களிடம் கேட்கட்டும். மாணவரிடம் கேட்கக் கூடாது, தேர்வைத் தடுக்கக் கூடாது, சான்றிதழைப் பிடிக்கக் கூடாது, பெயரை வகுப்பில் படிக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். மீறும் கல்லூரி மீது மாணவர் புகார் கொடுக்க ஒரு தொலைபேசி எண்ணையும், அதை எடுத்துப் பேச ஒரு மனிதரையும் கொடுங்கள்.

ஏப்ரலில் வாரியத் தேர்வு. அதற்கு முன் அடுத்த பட்டியல் என் வகுப்புக்கு வரும். அதைப் படிக்க மாட்டேன் என்று கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தம்பியின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உங்கள் ஆணை வந்துவிட்டது என்று சொல்லி அவனை அழைத்துவர முடிந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளர்